வாய்க்காலுக்குக் கிழக்கே பிரான்ஸ்

நடப்பது என்றாலே எனக்கு அலுப்பு. டாக்டர் சொன்னாரே என்று காலையில் நாலு தெரு போய் வந்தால், போதும்டா சாமி என்றிருக்கிறது. ஒன்பது வயதிலேயே பிரான்ஸ் தேசத்தைக் கால்நடையாகச் சுற்றி முடித்தவள் நான். அந்தக் களைப்பு இன்னும் தீரவில்லை போலும்.

சுற்றிக் காட்டியவள் சித்தி, அம்மாவின் தங்கை. எங்களோடு அரியாங்குப்பத்தில் இருந்தாள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளை என்றால் எங்கள் பக்கத்தில் ஜாதகத்தைக்கூட ஒப்புக்குத்தான் பார்ப்பார்கள். சுனாமிக்கு மறு வருஷம் அப்படி ஒருவருக்குச் சித்தியைக் கட்டிக்கொடுத்தோம். லீவில் வந்த மாப்பிள்ளை இருபதாம் நாள் விமானம் ஏறிவிட்டார். "பேப்பர் அனுப்பறேன், வந்துடு. அங்க எல்லாத்துக்கும் நடக்கணும். ஷூ போட்டு நடந்து பழகிக்கோ" என்பதுதான் புருஷன் என்ற முறையில் அவர் இட்டுவிட்டுப் போன ஒரே கட்டளை.

சித்தி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். சனிக்கிழமை சாயங்காலமானால் புடவைக்குக் கீழே ஷூவும் கம்பளி சாக்ஸும் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். சித்திரை மாதமும் விலக்கில்லை. துணைக்கு நான். டெம்போவில் டவுனுக்குப் போய், பெரிய வாய்க்காலைத் தாண்டி அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய தெருக்களுக்குள் நுழைந்ததும், "இதுக்கப்புறம் பிரான்சுடி. ஒழுங்கா நட" என்பாள்.

வாய்க்காலுக்கு மேற்கே அவள் வாயில்லாப் பூச்சி. கிழக்கே வந்துவிட்டால் ராணி. மஞ்சள் சுவர் வைத்த யாரோ ஒருவர் வீட்டைத் தன் வீடாக வரித்துக்கொண்டு, அந்த மாடியில் எந்தப் பக்கம் துணி காயப்போடுவது என்று என்னிடம் யோசனை கேட்பாள். நீள ரொட்டி ஒன்று வாங்கி, ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துத் தின்றபடி தெருத் தெருவாகப் போவோம். பொய் சொல்வானேன், கால் வலி தொடங்கும்வரை எனக்கும் சந்தோஷமாகவே இருக்கும். கடைசியில் பிரெஞ்சுத் தூதரக வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவோம். மாப்பிள்ளையிடமிருந்து வாரா வாரம் வந்த போன் மாதம் ஒன்றாகி, பிறகு நின்றுபோனது. ஒன்றரை வருஷமாகியும் பேப்பர் வரவில்லை. தெருவில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி அம்மா ஓய்ந்துபோயிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை நாங்கள் கிளம்பும் நேரத்தில் தபால்காரர் சித்தியிடம் கடிதம் கொடுத்தார். அதை அவள் கடற்கரைச் சாலைக்குப் போய்த்தான் பிரித்தாள். படித்து மடித்துப் பையில் வைத்தாள். தபால்தலையைக் கிழித்து எனக்குக் கொடுத்தாள்.

"வரச் சொல்லிட்டாங்களா சித்தி?"

"வா, இன்னிக்கி பிரான்ச முழுசா சுத்திப் பாத்துடலாம்."

அன்றுபோல் நாங்கள் என்றும் நடந்ததில்லை. ஒரு தெரு பாக்கியில்லை. தூதரகத் தெருவை மட்டும் விட்டுவிட்டாள். விளக்குப் போடும் நேரத்துக்கு வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றியவள், அழுதாள். கடித்துவிட்டதா என்று கேட்டேன். "ஆமாண்டி, ரொம்பக் கடிக்குது" என்றாள். டெம்போ ஏற வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல், வெறுங்காலோடு ஆற்றுப் பாலம் தாண்டி வீடு வரை நடந்தாள். ஷூவைத் தூக்கிக்கொண்டு பின்னால் நான்.

மாப்பிள்ளை அங்கே வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார், பேப்பர் வராது என்று அந்தக் கடிதத்தில் எழுதியிருந்த விஷயம் எனக்குத் தெரிய எத்தனையோ வருஷமாயிற்று. மறுநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது யாரும் பேசவில்லை. சித்திக்காக நானாவது பேசுவோம் என்று தோன்றியது.

"அப்பா, சித்திக்கு ஷூ கடிக்குது. பிரான்சு போறதுக்குள்ள ஒரு சைஸ் பெருசா வாங்கிக் குடுத்துடுங்க."

அம்மா தலை நிமிரவில்லை. சித்திதான், "வாங்கலாம்டி" என்று எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். அப்பா கை கழுவ எழுந்து போய்விட்டார். தட்டில் சோறு அப்படியே இருந்தது. ரசம் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.