நடுத்தெருவில் நிற்கும் வீட்டுப் புரோக்கர்

வீட்டுப் புரோக்கர் தொழிலுக்குக் கடையும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். சலிக்காமல் நடந்தால் போதும். தமிழும் கன்னடமும் கலந்து பேசும் லிங்கராஜபுரத்தில் நானும் அப்படித்தான் பிழைத்துக்கொண்டிருந்தேன், வலது கெண்டைக்கால் மக்கர் பண்ணத் தொடங்கும்வரை. கொஞ்ச தூரம் நடந்தால் யாரோ உள்ளேயிருந்து துணி பிழிவதுபோல முறுக்கும். சற்று நின்றால் ஒன்றுமே நடக்காதது மாதிரி அடங்கிவிடும். நடந்தால் திரும்பவும் வரும். உங்களில் சிலருக்கு நான் சொல்வது உடனே புரியும். வலியை மறைக்க நடுத்தெருவில் நின்று செல்போனைத் தடவுகிறவர்கள் நாமெல்லாம் ஒரே ஜாதி.

நின்றால் சந்தேகம்

கோயம்புத்தூரிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்த இளம் தம்பதி. வீடு இருந்த சந்துக்குள் கார் போகாது என்பதால் மெயின் ரோட்டிலிருந்து நடந்தோம். முதல் முறை கால் பிடித்ததும் போன் வந்த மாதிரி நின்றேன். அடுத்த முறை, “இந்த ஏரியாவுல தண்ணிக் கஷ்டமே கிடையாது சார்” என்று யார் வீட்டு மாடித் தொட்டியையோ காட்டினேன். அதற்கடுத்த முறை காட்ட எதுவும் கிடைக்காமல் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். வலியில் முகம் எப்படிப் போயிருந்ததோ தெரியவில்லை.

கணவன் எதையும் கவனிக்கவில்லை. மனைவி கவனித்தாள். நல்ல வெளிச்சமான வீடு. அதை உள்ளே போய்ப் பார்க்கவே மறுத்துவிட்டாள். “அண்ணா, உண்மையைச் சொல்லுங்க, அந்த வீட்ல யாராவது செத்துகித்துப் போயிட்டாங்களா? கிட்டப் போகப் போக உங்க மூஞ்சியே சரியில்லையே!”

மருந்தே அதுதான்

வாதம் என்று நானே முடிவுகட்டி, எண்ணெய் தேய்த்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி ஸ்டெல்லாதான் பிடித்து இழுத்துப் போனாள். டாக்டரம்மா பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டியதோடு விடாமல் கணுக்காலிலும் கட்டினார். காலுக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறது, சிகரெட்டும் சர்க்கரையும் சேர்ந்து செய்த வேலை என்றார். வெந்நீர் வைத்தியத்தைச் சொன்னதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. உணர்ச்சி குறைந்த கால், வெந்தால்கூடத் தெரியாதாம். மாத்திரை எழுதினார், சிகரெட்டை அன்றோடு விடச் சொன்னார். கடைசியாக, தினமும் நடக்க வேண்டும் என்றார்.

“நடந்தா வலிக்குதுன்னுதானே டாக்டர் வந்திருக்கேன்?” என்றேன். அவர் சிரிக்கவில்லை. “வலிக்கிற வரைக்கும் நடங்க, நில்லுங்க, வலி போனதும் திரும்ப நடங்க. பெரிய ரோடு அடைச்சிருந்தா சந்து பொந்துல புகுந்து போறோமில்ல, ரத்தமும் அப்படிப் போகப் பழகிக்கும்.”

டீக்கடையில்

வீட்டு ஓனர் வரும்வரை டீக்கடையில் நின்று புகைவிடுவது என் தொழில் தர்மம். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, ஒரு சாயங்காலம் தாங்காமல் போய், “ஒண்ணே ஒண்ணு கொடுப்பா” என்று கையை நீட்டினேன். கடைக்காரர் கன்னடக்காரர், என்னிடம் அரைத் தமிழில் பேசுகிறவர். கண்ணாடி ஜாடியிலிருந்து கடலை மிட்டாயை எடுத்து என் கையில் வைத்தார். “சிகரெட் இல்லா சார். உங்க மிஸ்ஸஸ் வந்து சொல்லிட்டுப் போயாச்சு, எனக்கு அவங்க மேல பயம்!”

விரல்

பிறகுதான் நிஜமான பயம் வந்தது. ஒரு வீட்டின் இரும்பு கேட் கால் கட்டைவிரலில் இடித்தது. சின்னக் காயம்தான், ஆனால் ஆறவில்லை. ஓரம் கறுத்தது. டாக்டரம்மா வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினார். ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரலாம் என்றார். கால் ரத்தக்குழாய்க்குள் பலூன் விட்டு அடைப்பை விரித்தார்கள். வீட்டிலேயே கிடந்தேன். ஸ்டெல்லா தினமும் கட்டுப் பிரித்து, மூக்கை உறிஞ்சியபடியே மறுகட்டுப் போடுவாள்.

என் கஸ்டமர்களையெல்லாம் மஞ்சுநாத் அள்ளிக்கொண்டு போய்விடுவான் என்று இன்னொரு கவலை. அவனும் அதே ஏரியா புரோக்கர். ஒரு நாள் சாவிக்கொத்தோடு வீட்டுக்கே வந்து கட்டில் ஓரமாக உட்கார்ந்தான். “கால் ரெஸ்ட்ல இருக்கட்டும் குரு, வாய்க்கு என்ன கேடு? நான் வீட்டைக் காட்டறேன், நீ போன்ல பேசி முடி!”

அப்படியே சில வீடுகளை முடித்தோம். புண்ணும் மெல்ல மெல்ல மூடிக்கொண்டது. ஒரு காலையில் கட்டை அவிழ்த்த ஸ்டெல்லா இளஞ்சிவப்பாகத் தோல் வளர்ந்திருந்த இடத்தை வெகுநேரம் பார்த்தாள். “விரல் விரலாட்டம் இருக்குங்க” என்றாள்.

பிலோமினா டீச்சர்

திரும்ப நடக்கத் தொடங்கி மாதங்கள் ஆயின. சர்ச் பக்கத்தில் வீடு தேடி ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் வந்தார், பெயர் பிலோமினா. மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியவரைக் கூட்டிக்கொண்டு, தரைத்தளம், நல்ல காற்று, அமைதியான ஓனர் என்று அளந்துகொண்டே போனேன். வீட்டு வாசல் வந்துவிட்டது. கேட்டில் கைவைத்த பிறகுதான் உறைத்தது, வழியில் நான் எங்கேயும் நிற்கவில்லை! சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டுமே என்று திரும்பினால் டீச்சரைக் காணோம். தெருமுனையில் குடையை ஊன்றி மூச்சுவாங்கிக்கொண்டிருந்தார். “மெதுவாத்தான் போயேம்ப்பா, வீடு என்ன ஓடியா போயிடப்போகுது?”

வலி இன்னும் அவ்வப்போது எட்டிப்பார்க்கத்தான் செய்கிறது. ஆனால் எந்த வீட்டைக் கேட்டாலும் “நடக்கிற தூரம்தான் சார்” என்று நான் காலங்காலமாய்ச் சொல்லிவந்தது, என் வரைக்குமாவது இப்போதுதான் உண்மையாகியிருக்கிறது.