ரஸீமாவின் ஆறாவது நிறுத்தம்

சரயேவோவில் போரின்போது ஊரே முற்றுகையில் கிடந்த காலத்து இடங்களைச் சுற்றிக் காட்டுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ரஸீமாவைப் போல வந்தவர்களை அழவைத்து அனுப்பத் தெரிந்தவர்கள் குறைவு. மூன்று மணி நேரம், ஆறு நிறுத்தங்கள். அணையா விளக்கு நினைவுச்சின்னத்தில் தொடங்கி, ஆற்றைத் தாண்டி, பீர் ஆலைக்குப் பக்கத்துச் சந்தில் முடியும். அந்தச் சந்தின் தரையில் பீரங்கி ஷெல் விழுந்த வடுவில் சிவப்புப் பிசின் ஊற்றியிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் அதை ரோஜா என்பார்கள், மிதிக்காமல் விலகி நடப்பார்கள். ரஸீமாவின் கணவன் ஹைருதீன் தண்ணீர் வரிசையில் நின்றபடி செத்தது அங்கேதான்.

அங்கே நின்று அவள் ஆங்கிலத்தில் சொல்லும் கதை இது. தண்ணீர் பிடிப்பது ஒரு நாள் அவன் முறை, மறுநாள் அவள் முறை. அன்று அவள் முறை. மாடிவீட்டுக்காரி எங்கிருந்தோ ஒரு கரண்டி நிஜமான காபித்தூள் கொண்டுவந்தாள். மாதக்கணக்கில் காபிக்குப் பதில் பருப்பை வறுத்துக் காய்ச்சிக் குடித்து நாக்கு செத்துப் போயிருந்தது. இன்றைக்கு மட்டும் நீ போய்விட்டு வா என்று கணவனை அனுப்பிவிட்டு, அவள் காபி குடித்தாள். அவன் திரும்பவில்லை. காபி என்ற சொல்லுக்கு முன்னால் சற்று நிறுத்துவாள், பதினேழு வருடப் பழக்கம். அதற்குப் பிறகு காபியை விட்டாளா என்றால், அதுவும் இல்லை. சரயேவோக்காரி காபியை விடுவதாவது!

மகன் ஏனஸுக்குச் சொல்லி வளர்த்த கதை வேறு. நீ வீட்டில் இரு என்று அப்பாவே அவள் கையிலிருந்த தண்ணீர்க் கேன்களைப் பிடுங்கிக்கொண்டு போனார் என்பது அது. அப்போது அவனுக்கு ஐந்து வயது. அப்பாவின் பெருமையில்தான் பையன் நிமிர்ந்து நடந்தான். அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. பயமும் இருந்தது, அதை மறைப்பானேன்.

ஒரு நாள் அணையா விளக்கருகே ஒரு டச்சுத் தம்பதியும் இரண்டு போலந்துப் பெண்களும் காத்திருந்தார்கள். இன்னும் இருவர் வெபர் என்ற பெயரில் பதிவு செய்திருந்தார்கள். வந்து நின்றவர்கள் வெளிநாட்டில் இருக்கும் ஏனஸும் அவன் ஜெர்மன் மனைவி அனிகாவும். வெபர் என்பது அனிகாவின் பிறந்த வீட்டுப் பெயர் என்பது அப்போதுதான் ரஸீமாவுக்கு உறைத்தது.

"வெள்ளிக்கிழமைதானேடா வர்றேன்னு சொன்ன?"

"நேத்தே வந்துட்டோம், ஓட்டல்ல தங்கினோம். நீ வேலை செஞ்சு நான் பார்த்ததே இல்லையேம்மா," என்றான். அவன் சிரிக்கவில்லை.

ரஸீமா நடந்தாள். நடந்தாள் என்ன, ஓடினாள். முற்றுகையில் இறந்த குழந்தைகளின் நினைவு நீரூற்றில் தேதிகளைத் தப்பும் தவறுமாகச் சொன்னாள். சந்தையில் வழக்கமான நகைச்சுவையை மறந்தாள். திரும்பிப் பார்த்த போதெல்லாம் ஏனஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்தாவது நிறுத்தத்தில், இத்துடன் முடிந்தது, எல்லாருக்கும் நன்றி என்று சொல்லிவிட்டாள்.

டச்சுக்காரர் விடவில்லை. தண்ணீர்க் கதையைக் கேட்கத்தான் வந்தோம், இணையத்தில் எல்லாரும் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்றார். சந்தில் சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்று ரஸீமா கூசாமல் புளுகினாள்.

"தோண்டலைம்மா," என்றான் ஏனஸ், தாயும் மகனும் பேசும் மொழியில். "காலையில அந்த வழியாத்தான் வந்தோம்."

இனி எங்கே ஒளிவது? அவள் முன்னால் போனாள், மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். ரோஜாவின் முன் நின்று வாயைத் திறந்தாள். பதினேழு வருடம் தண்ணீர் பட்ட பாடாக வந்த ஆங்கிலம் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

"எனக்குத் தெரியும்மா. மூணு வருஷம் முன்னாடி யாரோ ஒருத்தர் நீ இங்க சொல்ற கதையை இணையத்துல ஜெர்மன்ல எழுதியிருந்தாரு. அனிகா படிச்சுக் காட்டினா. நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்," என்றான் ஏனஸ். "ஊர்பேர் தெரியாதவங்களுக்கெல்லாம் சொன்னியே. எனக்கு ஏம்மா சொல்லல?"

"அவங்க மறுநாள் ஊருக்குப் போயிடுவாங்கடா," என்றாள் ரஸீமா. "நீ என்னை விட்டுப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

டச்சுக்காரர் ஏதோ கேட்கப் போனார், அனிகா தடுத்துவிட்டாள். ரஸீமா மகனின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் அவன் காலணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவை விலகிப் போகும் என்றே எதிர்பார்த்தாள். அவை பக்கத்தில் வந்தன.

"காபி நல்லா இருந்துச்சா?" என்று கேட்டான்.

அழுதுவிட்டுப் போன அத்தனை பேரில் ஒருவர்கூட அவளிடம் கேட்காத கேள்வி அது. கிண்டலா கோபமா என்று அவன் முகத்தில் தேடினாள். இரண்டும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருந்தான்.

"குடிக்கவே இல்லடா," என்றாள். "தண்ணி கொதிக்கறதுக்குள்ள ஷெல் விழுந்த சத்தம் கேட்டுருச்சு."