மேக வரிசை மலையை விட்டு இறங்கிய மதியம்

ஆவணிக் கடைசி ஞாயிறு நாங்கள் ராஜபாளையம் போனது அருவி பார்க்க அல்ல. என் மகள் நிலாவுக்கு மூன்று வயது. அவளைத் தாய்மாமன் மடியில் வைத்து, அய்யனார் கோவிலில் முதல் முடி இறக்க வேண்டும். தாய்மாமன் என் தம்பி சரவணன், துபாயில் ஏசி மெக்கானிக். அன்று மாலை ஆறரைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் சென்னை ரயில் ஏறுகிறான். அடுத்த விடுப்பு இரண்டு வருடம் கழித்துத்தான். கையில் இருந்தது அந்த ஒரு பகல்.

மதுரையிலிருந்து பேருந்தில் இரண்டரை மணி நேரம். ஏழு மணிக்கே கிளம்பியிருக்கலாம். நிலாவுக்கு லேசாக மூக்கொழுகியது. ஸ்வெட்டர், மருந்து, நகம் வெட்டும் கத்திரி என்று நான் பையைப் பிரித்துப் பிரித்துக் கட்டியதில் பத்தாகிவிட்டது.

ராஜபாளையத்திலிருந்து கோவில் சுமார் பத்து கிலோமீட்டர். ஆட்டோவில் பாதி வழி போனபோது மலை உச்சியை ஒட்டி மேகங்கள் வடக்கும் தெற்குமாக வரிசை கட்டி நின்றன. கல்லூரியில் புவியியல் படித்தவள் நான். வெயிலில் மலைச்சரிவு சூடாகும், சமவெளியின் ஈரக்காற்று அதில் ஏறும், உச்சியில் மேகமாகும் என்று தெரியும். மேலே மழை பெய்தால் கோவிலை ஒட்டிய ஓடையில் வெள்ளம் வரும் என்ற பயமும் உண்டு. வண்டியைத் திருப்பச் சொன்னேன். அதற்காக இன்றும் வருத்தமில்லை.

வருத்தம் அதன் பிறகு நடந்ததில்தான். மழை மலையோடு நின்றுவிடும், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏதாவது கோவிலில் முடி இறக்கலாம் என்று நானே முடிவு செய்தேன். நடை நாலு மணிக்குத்தான் திறக்கும் என்பதால் சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பினோம்.

நான் யோசிக்காதது இது. பெய்யும் மழையில் ஒரு பங்கு வழியிலேயே ஆவியாகி, காற்றைக் குளிர வைக்கிறது. குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் இறங்கித் தரையோடு பரவுகிறது. அது முன்னாலிருக்கும் வெப்பக்காற்றை மேலே நெம்பித் தள்ள, அங்கே புது மேகம் எழுகிறது. அதுவும் பெய்து குளிர்காற்றை அனுப்புகிறது. பின்னால் பழையது ஓய, முன்னால் புதியது பிறக்க, வரிசை நடக்க ஆரம்பிக்கிறது. சூறைமழை வரிசை என்பது அதுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பாதி வழியில் திடீரென்று குளிர்காற்று, புழுதி. ஆட்டோவை ஒரு பக்கமாகத் தள்ளியது. “மழைக்குப் பயந்து ஓடி வந்தோம், அது நம்ம ஆட்டோவ விட வேகமால்ல வருது,” என்றார் ஓட்டுநர். ஒரு டீக்கடைக்குள் ஒதுங்கினோம். அரை மணி நேரம் அடித்து ஊற்றியது. முன்னால் சாலையில் புளியமரக் கிளை விழுந்து கிடப்பதாகச் சொன்னார்கள்.

பொறுத்துப் பார்த்துவிட்டு சரவணன் பெஞ்சில் உட்கார்ந்து நிலாவை மடியில் வைத்தான்.

“க்கா, பூமுடியாச்சும் எடுத்திருவோம். மாமன் மடி இருக்கு, கத்திரி ஒம் பையில இருக்கு. நாலு கொத்து வெட்டிட்டா முடிஞ்சுது. மொட்டைய பொறவு கோவில்ல போட்டுக்க.”

“சாமி இல்லாத எடத்துலயாடா? அவளுக்குச் சளி வேற. செத்த நேரம் பொறு, மழை விட்டுரும்.”

“எம்புட்டு நேரம்க்கா பொறுக்க?” என்றான். அப்புறம் கேட்கவில்லை.

வரிசை கடந்த பிறகும் அதன் பின்னால் விரிந்த மேகத்திலிருந்து தூறல் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. இடியில்லை, காற்றில்லை. அவ்வளவு நேரமும் நிலா அவன் மடியில்தான் இருந்தாள். கிளையை அகற்றிய பிறகு நாங்கள் ரயிலடி சேரும்போது ஆறு தாண்டிவிட்டது. வண்டி நகர்ந்ததும் நிலா, “மாமா எனக்கு முடி வெட்டலையே,” என்றாள்.

இந்தப் பருவத்தில் போகிறவர்கள் காலை எட்டுக்குள் கோவிலில் இருங்கள், மதியத்துக்குமுன் இறங்கிவிடுங்கள். மலையில் மேகம் வரிசை கட்டினால் ஓடைப் பக்கம் வேண்டாம். சமவெளிக்கு வந்துவிட்டோம் என்றும் நிம்மதி வேண்டாம். சில்லென்று காற்று திரும்பினால் உடனே கட்டடத்துக்குள் போங்கள், மரத்தடியில் நிற்காதீர்கள். உள்ளே காத்திருக்கும் நேரத்தில் செய்ய முடிந்ததைச் செய்துவிடுங்கள்.

நிலாவின் முடி இப்போது கண்ணில் விழுகிறது. கிளிப் குத்தி வைத்திருக்கிறேன். கத்திரி இன்னும் அந்தப் பையில்தான் இருக்கிறது.