சின்னம்மாவும் நானும் படித்த டொச்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டுக் கரண்டி ஆணாகவும் முள்ளுக்கரண்டி பெண்ணாகவும் மாறின. கத்தி இரண்டும் இல்லை. ஜேர்மன்காரர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்று சின்னம்மா சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

"கேளாதை, பாடமாக்கு," என்றார்.

சின்னம்மா அம்மாவின் தங்கை. நீர்வேலியில் எங்களோடுதான் இருந்தார். முன்னறையில் தையல் மெசினைப் போட்டு ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைத்தார். மாமா, அதாவது அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் மூத்தவர், ஜேர்மனியில் இருந்த ஒருவரை அவருக்குப் பேசி, பதிவுத் திருமணமும் முடிந்துவிட்டது. ஆனால் மாப்பிள்ளையிடம் போய்ச் சேர்வதற்கு அந்த நாட்டு மொழியான டொச்சில் ஒரு சோதனை பாஸ் பண்ண வேண்டுமாம். அதற்காக சின்னம்மா கிழமைக்கு இரண்டு நாள் சைக்கிளில் யாழ்ப்பாணத்துக்கு வகுப்புக்குப் போனார். வகுப்பில் இருந்த பதினொரு பேரும் புதுப்பெண்கள்தானாம்.

கொப்பியை விரித்து வைத்துப் படிக்க அவருக்கு எங்கே நேரம்? கைவேலையோடு வேலையாகத்தான் படித்தார். பொத்தான்களை டொச்சில் எண்ணினார். கோழிக்கூட்டுக்குள் கையை விட்டு "ஐ" என்றார். முட்டைக்கு டொச்சில் அவ்வளவுதான், ஒரே ஓர் எழுத்து. எனக்கு அது பிடித்துப்போயிற்று. யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாகப் போய் ஒட்டிக்கொண்டேன். அவர் கேள்வி கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டும். பெயர் என்ன, எங்கே இருக்கிறாய், என்ன சாப்பிட்டாய். ஒரு மாதத்துக்குள் வாழைத்தோட்டத்துக்கு நடுவில் நின்று நாங்கள் இருவரும் கதைப்பது வீட்டில் வேறு எவருக்கும் விளங்காமல் போயிற்று. அந்தப் பெருமையில் நான் இரவில் கனவுகூட டொச்சில் கண்டதாக அம்மாவிடம் பொய் சொன்னேன்.

அளவெடுக்கும்போதும் சின்னம்மா டொச்சில்தான் சொல்வார். நான் கொப்பியில் எழுதுவேன். தை மாதத் தவணை தொடங்குவதற்கு முன் ஒரு தாய் தன் மகளின் பழைய சட்டையை அளவுக்குக் கொண்டுவந்து தந்தார். சின்னம்மா நாடாவைப் பிடித்து நீளம் "ஃபியருண்ட்ட்றைசிக்" என்றார். நாலும் முப்பதும் என்று எனக்கு விளங்கியது. முதலில் நாலை எழுதினேன், பிறகு மூன்றை எழுதினேன்.

பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முதல்நாள் அந்தத் தாய் மகளையும் சட்டையையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வந்தார். சட்டை பிள்ளையின் கணுக்கால் வரைக்கும் தொங்கியது.

"உதென்ன பிள்ளை, படிக்கவோ, சேர்ச்சிலை பிரசங்கம் வைக்கவோ?" என்று கேட்டார்.

சின்னம்மா கொப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்ரை பிழை அக்கா. பத்து நிமிசம் இருங்கோ," என்று சட்டையை வாங்கி, கீழே வெட்டி மடித்துத் தைத்துக் கொடுத்தார். அவர்கள் படலையைத் தாண்டும்வரை பொறுத்திருந்து, பிறகு மெசின்மேல் தலையை வைத்துச் சிரித்தார்.

"அவங்கள் பின்னாலையிருந்துதான் எண்ணுவாங்கள். நான் உனக்குச் சொல்ல மறந்திட்டன்."

கொழும்பில் நடந்த சோதனையில் அவர் இரண்டாம் தடவை பாஸ் பண்ணினார். நானும் பாஸ் பண்ணினதாகவே வகுப்பில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தச் சோதனையின் முடிவில் ஒருவர் மட்டும்தான் விமானம் ஏறுவார் என்பது அவர் பெட்டியைக் கட்டிய அன்றுதான் எனக்கு உறைத்தது.

அவர் போனபின் மெசினுக்குத் துணி மூடினார்கள். நான் கோழிகளோடு டொச்சில் கதைத்துப் பார்த்தேன். சைக்கிள் பெல் கேட்டால் படலைக்கு ஓடினேன். பிழையாகச் சொன்னால் திருத்த ஆள் இல்லை. சரியாகச் சொன்னாலும் கேட்க ஆள் இல்லை.

ஞாயிறு பின்னேரங்களில் சின்னம்மா எடுப்பார். மாமா போனை மேசையில் வைத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் போடுவார். அவர் இந்தச் சம்பந்தத்துக்காக எத்தனையோ பேரிடம் நடந்தவர். அதனால் முதல் கேள்வி எப்போதும் அவருடையதுதான்.

"எப்பிடியம்மா, சந்தோசமா இருக்கிறியோ?"

"ஓம் அண்ணை. நல்லா இருக்கிறன்."

நாலாவது மாதத்திலோ ஐந்தாவது மாதத்திலோ ஒரு நாள், வழக்கமில்லாத நேரத்தில் எடுத்தார். பின்னால் வாகனச் சத்தமும் காற்றும் கேட்டன. மாமாவுக்கு "நல்லா இருக்கிறன்" சொல்லி முடித்துவிட்டு என்னைக் கூப்பிடச் சொன்னார். நான் மேசையடிக்குப் போனேன். அவர் டொச்சில் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். நாள் முழுக்க அறைக்குள் இருக்கிறேன் என்றார். யாரோடும் கதைப்பதில்லை என்றார். எனக்கு எல்லாச் சொல்லும் விளங்கியதில் உச்சி குளிர்ந்தது. கடைசியாக, "இஷ் மொஷ்டெ நாஹ் ஹௌஸெ," என்றார். அதை இரண்டு தரம் சொன்னார்.

"என்னவாம்?" என்று மாமா கேட்டார்.

அந்த வாக்கியத்தில் விருப்பம் இருக்கிறது, வீடு இருக்கிறது. போவதும் இல்லை, வருவதும் இல்லை. ஜேர்மன்காரருக்கு அது தேவையில்லை. தமிழில் சொல்வதென்றால் இரண்டில் ஒன்றை நாங்கள்தான் போட வேண்டும். நான் யோசிக்கவே இல்லை.

"வீட்டை போகவேணுமாம்," என்றேன்.

"றோட்டிலை நிண்டு கதைக்கிறாள் போலை," என்றார் மாமா. "குளிரப்போகுது. சரி பிள்ளை, நீ வீட்டை போ. பிறகு கதைப்பம்."

 சின்னம்மா தமிழில், "ஓம் அண்ணை, போறன்," என்றார். மாமா போனை வைத்துவிட்டு என் தலையைத் தடவினார். பாஷை படித்தது வீண்போகவில்லை என்று அம்மாவிடம் சொன்னார்.

சின்னம்மா இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். இரண்டு பிள்ளைகள். வேலைக்குப் போகிறார், கார் ஓடுகிறார். அந்த நாளைப்பற்றி அவரும் கேட்டதில்லை, நானும் வாய் திறந்ததில்லை.

அன்றைக்கு அடுத்து வந்த ஞாயிறு போன் வந்தபோது, அவருக்குச் சொல்வதற்கென்று ஒரு நீண்ட வாக்கியத்தைப் பாடமாக்கி வைத்திருந்தேன். பாதி சொல்லும்போதே மறித்தார். "உது வேண்டாம் குஞ்சு. இனித் தமிழிலையே கதை," என்றார்.

என்னுடைய டொச் இனி அவருக்குப் போதாது என்று நான் நினைத்தேன். அந்தக் கோபத்தில் அதன்பிறகு பல ஞாயிறுகள், போன் அடித்ததும் தோட்டத்துக்குள் போய் நின்றுகொண்டேன்.