ரப்பர் மணத்த கேக்

நேற்று கேக் சுடப்போய் பிளாஸ்டிக் தட்டை ஓவனுக்குள் வைத்துவிட்டேன். படித்தவன்தான். அந்த நாற்றம் என்னைத் தொண்ணூறுகளின் மைசூர் வீட்டில் கொண்டுபோய் நிறுத்தியது.

என் பிறந்தநாளுக்குத் தானே கேக் செய்வதாக அம்மா தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள். வெறும் குக்கரில் மணலைப் பரப்பி, அதன்மேல் கேக் கிண்ணத்தை வைத்து மூடினாள். மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்ற மறந்துவிட்டாள். ஏலக்காயும் ரப்பரும் சேர்ந்து மணத்தன. அதற்குள் தெருப்பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அம்மாவுக்குக் கண் கலங்கியது.

“ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம் மேல சீவிட்டா சரியாயிடும்,” என்றார் அப்பா. சீவச்சீவ நடுவில் ஆளுக்கொரு விள்ளல்தான் மிஞ்சியது. அப்பா எல்லோரையும் ஹோட்டலுக்கு அழைத்துப் போனார். வெண்ணெய் உருகிய மசால் தோசைகளை வெளுத்துக்கட்டினோம். அம்மாவும் சிரித்துக்கொண்டே இரண்டாவது கேட்டாள்.

அப்பா சொன்னார்: “உன் கேக் அருமைம்மா. யார் பசியையும் கெடுக்கல பாரு.”