சின்னத்தாய் தின்ற ஜன்னல் தோசை

சந்தேகப்படுவதற்கென்று ஒரு பட்டம் இருந்திருந்தால், மதுரை ஜில்லாவில் அது சின்னத்தாய்க்குத்தான் போயிருக்கும். வைகையில் வெள்ளம் வந்தால்கூட, மேலே திறந்துவிட்டது யார், எதற்காக என்று விசாரித்துவிட்டுத்தான் காலை நனைப்பாள். ஜில்லா முழுக்க என்பது கொஞ்சம் கூடுதல்தான். மேலூர்ப் பக்கமெல்லாம் போய் யாரும் எடை போட்டுப் பார்த்ததில்லை. பேரையூர் வட்டாரம் என்று குறைத்துக்கொண்டால் மறுத்துப் பேச ஆள் கிடையாது.

அவளுடைய வழியே தனி. எதிரில் இருப்பவர் யோக்கியர்தானா என்று தெரிய வேண்டுமானால், முதலில் ஒரு பொய்யைச் சொல்லிப் பார்ப்பாள். பருத்தி எடுக்க வருகிற வியாபாரியிடம் தன் வீட்டுப் பருத்தியையே பக்கத்து வீட்டுப் பருத்தி என்று காட்டி, "தேறுமா இது?" என்று கேட்பாள். கண்புரைக்காக மதுரைக்கு வந்தபோது டாக்டரையும் விடவில்லை. எந்தக் கண் தெரியவில்லை என்று அவர் கேட்டதற்கு, நல்ல கண்ணைத் தொட்டுக் காட்டினாள். டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, "இது நல்லாத்தானே இருக்கு? அடுத்ததுலதான் புரை" என்றார். அதன் பிறகுதான் கட்டிலில் படுத்தாள்.

இது எண்பத்திரண்டாம் வருஷம். ஆபரேஷன் முடிந்து, கண்ணாடியும் போட்டு, கே.கே. நகரில் மகன் கண்ணுச்சாமியின் வீட்டில் தங்கியிருந்தாள். கண்ணுச்சாமி ஆபீஸ் குமாஸ்தா. காலையில் வெறும் காப்பியைக் குடித்துவிட்டு ஓடி, பதினோரு மணிக்கு டீக்கடைப் போண்டாவில் வயிற்றை நிரப்பி நிரப்பி, நெஞ்செரிச்சலை விலைக்கு வாங்கியிருந்தான். காலைச் சாப்பாட்டை வீட்டிலேயே உருப்படியாகச் சாப்பிடச் சொல்லி டாக்டர் கண்டித்திருந்தார். அவனுக்கோ இட்லியைக் கண்டால் முகம் கோணும். அப்பனைப் பார்த்து இரண்டு பெண் பிள்ளைகளும் தட்டைத் தள்ளிவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள். மருமகள் அன்னக்கொடி என்ன செய்வது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த நாளில்தான், அடுத்த வீட்டு ஜானு மாமி மதில்சுவருக்கு மேலாக ஓர் இரும்புச் சாமானை நீட்டினாள்.

"என் தம்பி அமெரிக்காலேர்ந்து தூக்கிண்டு வந்திருக்கான், அன்னக்கொடி. வாஃபிள் சுடறதாம். அந்த ஊர்ல முட்டை ஊத்திச் சுடுவான்னு கேள்விப்பட்டதும், எங்கம்மா அடுக்களை வாசப்படியைத் தாண்டவே விடலை. நீங்கதான் முட்டை சாப்பிடுவேளே, நீயே வச்சுக்கோ."

நீளக் காம்பு வைத்த இரண்டு கனத்த இரும்புத் தட்டுகள். புத்தகம் போல மூடித் திறக்கலாம். உள்பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாகப் புடைத்துக்கொண்டிருந்தது. சின்னத்தாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.

"இது மாட்டுக்குச் சூடு போடுறதுல்ல? இதை எதுக்குடி வீட்டுக்குள்ள கொண்டாற?"

"இல்ல அத்த, பலகாரம் சுடுறது."

"சூடு போடுறவனும் முதல்ல தடவித்தான் குடுப்பான்" என்றாள் சின்னத்தாய்.

முதல் நாலைந்து நாள் பலகாரம் பிட்டுப் பிட்டாகத்தான் வந்தது. மேல் தட்டில் பாதி, கீழ்த் தட்டில் பாதி. பிறகு அன்னக்கொடிக்குக் கை வந்துவிட்டது. கோதுமை மாவில் கொஞ்சம் கேழ்வரகு மாவைக் கலந்து, மோர் விட்டுக் கரைப்பாள். சீனி கிடையாது, நன்றாகக் கனிந்த சிறுமலை வாழைப்பழத்தை விரலாலேயே மசித்துச் சேர்ப்பாள். முட்டையை நுரைக்க அடித்து ஊற்றி, ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா. இரும்பைக் காயவைத்து, தண்ணீர் தெளித்தால் துள்ளி ஓடுகிற பதத்தில், குச்சியில் சுற்றிய துணியால் கட்டம் தவறாமல் எண்ணெய் தடவி மாவை ஊற்றுவாள். மூடி, புரட்டிப் போட்டு, ஓரத்தில் ஆவி வருவது அடங்கியதும் திறந்தால், பொன்னிறத்தில் ஜன்னல் கம்பி போட்டது மாதிரி ஒரு தோசை. அதன் மேல் பப்பாளித் துண்டும் சப்போட்டாவும் கருந்திராட்சையும் பரப்பி, ஒரு கரண்டி தேன். ஜன்னல் தோசை என்று பிள்ளைகள் பேர் வைத்தார்கள். பள்ளிக்கூட மணி அடிக்கப்போகிறது என்று அவர்களைச் சாப்பாட்டிலிருந்து பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.

இதிலெல்லாம் சின்னத்தாய்க்கு ஒன்றுமில்லை. அவள் கண்ணில் பட்டது ஒரு சீசா.

விரல் நீளத்துக்குப் பழுப்பு நிறச் சீசா. மாவு கரைத்ததும் அன்னக்கொடி அடுக்களையை விட்டு அறைக்குள் போவாள். பீரோவைத் திறந்து, சேலை அடுக்குக்குள் கையை விட்டு அதை எடுத்து வருவாள். மாவில் சொட்டுச் சொட்டாக விட்டுவிட்டு, மறுபடி கொண்டுபோய்ச் சேலைக்கடியில் செருகுவாள். விட்ட உடனே வீடு முழுக்க ஒரு வாசனை கிளம்பும். பூவும் இல்லை, சந்தனமும் இல்லை. நெஞ்சைப் பிடித்துக் கிறக்குகிற வாசனை. அது ஜானு மாமி கொடுத்த வெனிலா எசன்ஸ். பிள்ளைகள் அதை எடுத்து சென்ட் என்று காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டு பள்ளிக்கூடம் போனதால் ஒளித்துவைக்க வேண்டி வந்தது. இதை மாமியாருக்குச் சொல்ல வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. சொல்லியிருந்தாலும் நம்புகிறவளா அவள்?

சமையல் சாமானைச் சேலைக்குள் எவளாவது ஒளிப்பாளா? சின்னத்தாய்க்கு ஒரே ஒரு பதில்தான் கிடைத்தது: மருந்து.

நோய்க்குக் கொடுக்கிற மருந்தல்ல. புருஷனைத் தாயிடமிருந்து பிரித்து முந்தானையில் முடிந்துகொள்ளப் பெண்டாட்டி சோற்றில் வைப்பதாகச் சொல்லுவார்களே, அந்த மருந்து. வைத்தது உண்மையா என்று பார்க்க, வயிற்றிலிருந்து அதை உறிஞ்சி எடுத்துக் காட்ட ஊரில் ஒச்சாயி இருந்தாள். முன்பு ஒருமுறை பங்காளி வீட்டுப் பையனின் வயிற்றிலிருந்து ஒச்சாயி ஒரு கட்டியை எடுத்துக் காட்டினாள். அன்று சாயங்காலமே அவன் பெண்டாட்டி ஜெயக்கொடி தகரப்பெட்டியோடு பிறந்தவீட்டு பஸ் ஏறினாள். திரும்பி வரவில்லை.

இப்போது சின்னத்தாய் மகனைக் கவனிக்க ஆரம்பித்தாள். முன்பெல்லாம் வீட்டுக்கு வெள்ளையடிப்பதென்றால்கூட, "ஆத்தாட்டக் கேட்டுக்கிருவோம்" என்பான். இப்போது எதைக் கேட்டாலும், "அன்னக்கொடி சொன்னாச் சரிதான்" என்கிறான். பாட்டு முணுமுணுக்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு காலையில், பிறந்ததிலிருந்து தட்டில் கைகழுவிவிட்டு எழுந்தே பழகிய மகன், தான் தின்ற தட்டைத் தானே எடுத்துப்போய்க் குழாயடியில் கழுவிக் கவிழ்த்தான்.

 பெற்றவளையே அவனுக்கு அடையாளம் தெரியாமல் போகிற நாள் வெகுதூரத்தில் இல்லை என்று நினைத்தாள் சின்னத்தாய்.

மறுநாள் மகன் தட்டுக்கு முன்னால் உட்காருவதற்குள் அவள் உட்கார்ந்தாள். அதுவரை அந்தப் பலகாரத்தைத் தொட்டவளே இல்லை. தானே காய்ச்சிய கம்பங்கஞ்சிதான். மருந்து தன் வயிற்றுக்கே போகட்டும், மகன் தப்பட்டும் என்று குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு, அவனுக்கென்று வைத்திருந்த ஜன்னல் தோசையைப் பிய்த்து வாயில் போட்டாள்.

"ஆத்தா, அது என்னுது!" என்றான் கண்ணுச்சாமி.

"ஒன்னுதுன்னுதான்டா திங்கிறேன். பேசாமப் போ."

மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. கட்டத்துக்குள் தேங்கியிருந்த தேன் நாக்கில் இறங்கியது. பப்பாளி அதோடு சேர்ந்து கரைந்தது. மருந்து எவ்வளவு நயமாக வேலை செய்கிறது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு துண்டு மிஞ்சினாலும் மகனுக்கு ஆபத்து என்பதால் எல்லாவற்றையும் தின்றாள். அடுத்ததையும் தின்றாள்.

அடுப்படியில் நின்ற அன்னக்கொடி, மாமியார் கண்ணை மூடிச் சாமியைக் கும்பிட்டுவிட்டுத் தின்றதையும் மகனை விரட்டியதையும் பார்த்தாள். அவளும் அந்தப் பக்கத்துப் பெண்தான். விளக்கம் தேவைப்படவில்லை. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

இரண்டு நாள் சின்னத்தாய் தன்னையே வேவு பார்த்தாள். "வெயில்ல நிக்காதீக அத்த" என்று மருமகள் சொன்னால் கால்கள் தாமாக நிழலுக்குப் போகின்றன. விடிந்ததும் மூக்கு அடுப்படியைத் தேடுகிறது. மதில் ஓரத்தில் ஜானு மாமியிடம், "எங்க அன்னக்கொடி கைப்பக்குவம் யாருக்கு வரும்?" என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தேகமே இல்லை. மருந்து பிடித்துவிட்டது.

மூன்றாம் நாள் மஞ்சப்பையை எடுத்தாள்.

"தோட்டத்தப் பாத்துட்டு வாரேன்."

அன்னக்கொடி வாசலில் வந்து நின்றாள். "தோட்டத்துக்குப் போகல அத்த நீங்க. எங்க போறீகன்னு எனக்குத் தெரியும்."

சின்னத்தாய் மஞ்சப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"போய்ப் பாத்துட்டே வாங்க. ஆனா ஒன்னு. அங்க என்ன வந்துச்சுன்னு எம் மூஞ்சியப் பாத்து நீங்களே சொல்லணும். ஊரக் கூட்டிச் சொல்லக் கூடாது. நான் பொட்டியக் கட்டி வைக்கிறேன். இருன்னா இருக்கேன், போன்னா போறேன். பிள்ளைகளயும் கூட்டிக்கிட்டுத்தான் போவேன்."

அழுதிருந்தால் சின்னத்தாய்க்குத் தெம்பாக இருந்திருக்கும். அழாமல் சொன்னது பஸ் முழுக்க அவள் காதில் இரைந்துகொண்டே வந்தது. இவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது? குற்றம் செய்தவளுக்கு வருகிற துணிச்சலா, செய்யாதவளுக்கு வருகிறதா? திருமங்கலம் தாண்டியும் அவளால் முடிவுகட்ட முடியவில்லை.

ஒச்சாயி வீட்டு வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். முறை வந்ததும் சின்னத்தாய் முந்தானையை விலக்கிப் பாயில் படுத்தாள். ஒச்சாயி திருநீற்றைப் பூசி, அடிவயிற்றை அமுக்கிப் பார்த்தாள்.

"பலமாத்தான் வச்சிருக்கா. எதுல வச்சா?"

டாக்டரிடம் நல்ல கண்ணைத் தொட்டுக் காட்டிய அதே தந்திரம். "இட்லியில" என்றாள் சின்னத்தாய்.

ஒச்சாயி பித்தளைக் குழலை வயிற்றில் ஊன்றி, கன்னம் ஒட்ட உறிஞ்சினாள். உடம்பை ஒரு உதறு உதறி, வாழையிலையில் எதையோ துப்பினாள். தலைமுடி சுற்றிய வெள்ளைக் கட்டி.

"பாத்துக்க. இட்லித் துண்டு. செமிக்காம அப்பிடியே கெடந்திருக்கு. மருமக கைதான். இன்னைக்கே அனுப்பிவிட்ரு."

சின்னத்தாய் எழுந்து உட்கார்ந்தாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இலையின் மேல் குனிந்தாள். இட்லிதான், பழசுகூட இல்லை, காலையில் அவித்த இட்லி.

"ஒச்சாயி, வாயத் தொற."

"என்ன மதினி?"

"நான் இட்லி தின்னு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. எல்லாம் கம்பங்கஞ்சி, கடைசியா ரெண்டு ஜன்னல் தோச. எவ வீட்டு இட்லி எவ வகுத்துல வந்து கெடக்கு? தொற வாய. இப்பத்தான் கண்ணு ஆப்பரேசன் பண்ணியிருக்கு, எனக்கு நல்லாத் தெரியும்."

ஒச்சாயி உதட்டை இறுக மூடிக்கொண்டாள். காத்திருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். கன்னத்தின் ஒரு பக்கம் மட்டும் இன்னும் உப்பலாக இருந்தது. அடுத்து வரப்போகிறவளுக்கான கட்டியாக இருக்க வேண்டும்.

சின்னத்தாய் மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போன ஜெயக்கொடியின் முதுகு கண்ணுக்குள் வந்து வந்து நின்றது. அன்றைக்கு, "இவ மொகமே சரியில்ல, நான் அப்பவே சொன்னேன்" என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னவள் சின்னத்தாய்தான். அந்தக் கட்டியின் மேல் மட்டும் அவளுக்கு ஏன் சந்தேகம் வரவில்லை?

வெயில் சாய்கிற நேரத்தில் கே.கே. நகர் வந்து சேர்ந்தாள். கூடத்தின் நடுவில் கயிறு போட்டுக் கட்டிய பெட்டி. அதன் பக்கத்தில் சடை பின்னிய இரண்டு பிள்ளைகள். அன்னக்கொடி சுவரில் சாய்ந்து நின்று, சொன்னபடி மாமியாரின் முகத்தைப் பார்த்தாள்.

பிறகு நடந்ததைக் கேட்டால் கல்லும் கரையும். சின்னத்தாய் மஞ்சப்பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து மருமகளைக் கட்டிக்கொண்டாள். "எம் புத்தியச் செருப்பால அடிக்கணும் தாயி, மன்னிச்சிரு" என்று கதறினாள். இனி எந்த உயிரின் மேலும் சந்தேகப்படமாட்டேன் என்று அடுப்பில் அடித்துச் சத்தியம் செய்தாள். தெருவே கூடி நின்று கண்ணீர் விட்டது...

நான் இப்படிக் கதை சொல்லிக்கொண்டு வந்த இந்த இடத்தில், எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்த அன்னக்கொடி, கையிலிருந்த தண்டைக் கீழே போட்டாள்.

"அடேயப்பா! மன்னிப்பா? எங்க அத்தையா? தெருவுல ஒரு நாய்கூட எட்டிப் பாக்கல. நேரா வந்தாக, அந்தப் பொட்டி மேலயே உக்காந்தாக. கொஞ்ச நேரம் என்னையவே பாத்தாக. 'நீ வைக்கல. வச்சிருந்தா நான் கண்டுபிடிச்சிருப்பேன். அடுப்பப் பத்தவையி, பசிக்குது'ன்னாக. அம்புட்டுத்தான்."