உரக்கடை லூர்து அக்கா

லூர்து அக்கா இன்று காலை போய்விட்டார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்.

ஒரத்தநாடு பக்கம் உரக்கடை வைத்திருந்தவர். எங்கள் வயலுக்கு யூரியா, டிஏபி எல்லாம் அங்கேதான். நான் தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன்... நாலு வருஷத்துக்கு முன்பு அவருடைய பயாப்ஸி என் மேஜைக்கு வந்தது.

கேஐ-67 என்று ஒரு புரதம். பெருகிக்கொண்டிருக்கும் செல்களில் இருக்கும். சாயம் போட்டால் பழுப்பாகத் தெரியும். அக்காவின் ஸ்லைடில் எங்கு பார்த்தாலும் பழுப்பு.

ரிப்போர்ட் வாங்க வந்தவர் நேராக லேபுக்குள் வந்து நின்றார். "தம்பி, அதை நான் பாக்கணும்."

லேப் டாக்டரம்மா சரி என்றதும் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"நெல்லுல செம்புள்ளி விழுந்த மாதிரி இருக்கு... சரி, மருந்தை ஆரம்பிங்க."

கூட வந்த கொழுந்தனார் மெதுவாக, "ஊர்ல வயித்துல கட்டின்னு சொல்லிக்குவோம் அண்ணி" என்றார்.

"ஏன்? நான் என்ன திருடிட்டா வந்தேன்?" லேபே திரும்பிப் பார்த்தது.

ரேடியேஷன் முடிந்து கடைக்குத் திரும்பினார். உரம் வாங்க வரும் பெண்களிடமெல்லாம் ஒரே கேள்வி, கர்ப்பப்பை வாய் டெஸ்ட் எடுத்தாச்சா? பக்கத்தில் நிற்கும் ஆண்கள் நெளிவார்கள். "என்ன நெளியிறீங்க? வீட்டுல போய்ச் சொல்லுங்க" என்பார்.

ஒருநாள் என்னையே கேட்டார். "தம்பி, உங்க வீட்டுல எடுத்தாச்சா?"

தினமும் இந்த ஸ்லைடுகளோடு கிடப்பவன்... இல்லை என்று தலையாட்டினேன்.

"நல்லா இருக்கு போங்க. நாளைக்கே கூட்டிட்டுப் போங்க."

மனைவியை அழைத்துப் போனேன். டெஸ்டில் சந்தேகம் வந்து பயாப்ஸி எடுத்தார்கள். அந்த ஸ்லைடுக்குச் சாயம் போட்டதும் நான்தான். பி16 என்ற புரதத்தில் சாயம் அழுத்தமாகப் பிடித்திருந்தது. புற்றாக மாறவில்லை, மாறும் வழியில் இருந்தது. அந்த இடத்தை மட்டும் எடுத்தார்கள். இன்று நன்றாக இருக்கிறாள்.

இதை எழுதலாமா என்று கேட்டேன். "தாராளமா எழுதுங்க" என்றாள்.

அக்காவுக்குத்தான் போன வருஷம் திரும்ப வந்தது. நுரையீரலில். கீமோவுக்கு நடுவிலும் குறுவைக்கு விதைநெல் விற்றார். முடி கொட்டிய தலையில் முக்காடு போடச் சொன்னார்கள். போடவில்லை.

மதியம் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் 'உடல்நலக் குறைவால்' என்று அடித்து வந்தார்கள். அக்கா மகள் ஒட்டவிடவில்லை.

"அம்மா எதுல செத்தாங்களோ அதைப் போடுங்க."

திரும்ப அடிக்கப் போயிருக்கிறார்கள்.

அடக்கம் சாயங்காலம் ஐந்து மணிக்கு. நானும் மனைவியும் பஸ் ஏறிவிட்டோம்.

வர்றோம் அக்கா.